அபர்வான் அனர்த்த நிதியமும் 'தேவை' என்னும் அளவுகோலும்

அறக்கொடை நிதியங்களின் வரலாறு பெரும்பாலும் கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிறுவியவரின் பெயரும், சேர்ந்த தொகையும், எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமும் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. நிதியத்தின் வாயிலில் விண்ணப்பதாரராக நின்றவர்கள் எவ்வாறு மதிக்கப்பட்டனர் என்பது அரிதாகவே ஆராயப்படுகின்றது. இவ்வகையில், தென்வேல்சிலுள்ள அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்துக்கென 1966ஆம் ஆண்டு தோன்றிய நிதியம் தனிக் கவனத்துக்குரியது. தங்கள் பொருட்டு அளிக்கப்பட்ட பணத்தைப் பெறுவதற்கு, பிள்ளைகளை இழந்த பெற்றோர் தமது தகுதியை நிறுவவேண்டிய நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதனை அதன் வரலாறு புலப்படுத்துகின்றது.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை 9.15 மணியளவில், கிராமத்துக்கு மேலே மலைச்சரிவிற் குவிக்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவு மேடுகளுள் ஏழாவது மேடு சரிந்து இறங்கியது. பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையும் அருகிலிருந்த வீடுகளும் அதனுட் புதையுண்டன. இறந்தோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர்கள். 1958இல் தொடங்கப்பட்ட அம்மேடு நீரூற்றுக்களின்மீது அமைந்திருந்தது. நீதியரசர் எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 76 நாட்கள் கூடி ஆராய்ந்து, 1967 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், அனர்த்தத்துக்கான பொறுப்புத் தேசிய நிலக்கரிச் சபையையே சாரும் எனத் தீர்த்துரைத்தது. ஆயினும் சபையின் தலைவரான றோபன்ஸ் பிரபு பதவியில் நீடித்தார். இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 500 பவுண் என்பதே சபை அளித்த நட்டஈடாக இருந்தது.

அனர்த்தம் நிகழ்ந்த அன்றே மேர்தர் ரிட்வில் நகரபிதா நிதியம் ஒன்றை ஆரம்பித்தார். 1967 ஜனவரியில் அது மூடப்படுமுன் ஏறத்தாழ 90,000 நன்கொடைகள் வந்து சேர்ந்தன. நிதியத்தின் மொத்தத் தொகை இறுதியில் ஏறக்குறைய 1,750,000 பவுணாயிற்று. பணம் அனுப்பியோர் துயரத்திற் பங்குகொள்ளும் உணர்வினாலேயே அனுப்பினர். அபர்வான் மக்கள் வறியவர்களா, அல்லரா என்னும் வினா அவர்களுக்கு எழவில்லை. அவ்வினாவை எழுப்பியது சட்டமே.

இங்கிலாந்தின் அறக்கொடைச் சட்டம் 1601ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தினை மூலமாகக் கொண்டது. 1891இல் பெம்செல் வழக்கில் மக்னாற்றன் பிரபு அறக்கொடை நோக்கங்களை நான்காக வகுத்தார்: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்குப் பயன்தரும் ஏனைய நோக்கங்கள் என்பன அவை. தனிமனிதரின் துயரத்துக்கு ஆறுதலாகப் பணம் வழங்குதல் இவற்றுள் எதனுள்ளும் எளிதில் அடங்குவதன்று. அபர்வான் நிதியம் அறக்கொடையாகவே அமைக்கப்பட்டமையால், அதன் நம்பிக்கைப் பொறுப்புறுதியும் இவ்வரம்புக்கு உட்பட்டே எழுதப்பட்டது. அனர்த்தத்தினாற் பாதிக்கப்பட்டு, அதன் காரணமாகத் தேவையுற்றோருக்கு உதவுதல் முதலாவது நோக்கம். அபர்வான் வாழ் மக்களின் பொதுநலன் இரண்டாவது நோக்கம். முதலாவது நோக்கத்தில் இடம்பெற்ற 'தேவை' என்னும் சொல்லே பின்னர் எழுந்த பிணக்குகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

இச்சொல்லின் பொருளைச் சுரங்கப் பிரதேசங்களின் முந்திய அனுபவத்தோடு ஒப்புநோக்குதல் பொருத்தமானது. 1913இல் செங்கனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர் மாண்டனர். அத்தகைய அனர்த்தங்களில் இறந்தவர்கள் உழைப்பாளிகள். எஞ்சியவர்கள் விதவைகளும் அநாதைகளும் ஆவர். இழந்த கூலியைக் கொண்டு தேவையைக் கணக்கிடுவது அங்கு இயல்பாக இருந்தது. அபர்வானிலோ இறந்தவர்களிற் பெரும்பாலோர் ஏழு முதல் பத்து வயது வரையிலான சிறுவர்கள். தந்தையர் தொடர்ந்தும் கூலி பெற்றனர். பழைய அளவுகோலின்படி நோக்கின், பிள்ளையை இழந்த குடும்பம் எதனையும் இழக்கவில்லை என்றே கொள்ளவேண்டியிருந்தது. கூலியிழப்பை அளப்பதற்கு உருவான முறை பிள்ளையிழப்பின்முன் பொருளற்றுப் போயிற்று.

இம்முரண்பாட்டினை அறக்கொடை ஆணைக்குழு தன் வழியிலே தீர்க்க முற்பட்டது. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே தொகை வழங்குவதை அது ஏற்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஆராயப்படவேண்டும் என்றும், பெற்றோர் இறந்த பிள்ளையுடன் எவ்வளவு நெருக்கமாக இருந்தனர் என்பதனையும், அதனால் அவர்கள் மனத்துயருக்கு ஆளாகியிருப்பரா என்பதனையும் அறிந்த பின்னரே பணம் வழங்கலாம் என்றும் அது கருதியது. உடலிற் காயமின்றி உயிர்தப்பிய பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் பணம் வழங்குவதையும் அது எதிர்த்தது. வறுமைக்குச் சான்று கேட்ட பழைய வழக்கம் இங்கே பாசத்துக்குச் சான்று கேட்கும் வழக்கமாக மாறியமை அவதானிக்கத்தக்கது. நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின்னரே, பிள்ளைகளை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 பவுண் வழங்கப்பட்டது.

பெற்றோர்பால் இத்துணை இறுக்கமாக இருந்த சட்டம் அரசின் தேவை எழுந்தபோது நெகிழ்ந்தது. கிராமத்துக்கு மேலே எஞ்சியிருந்த கழிவு மேடுகளை முற்றாக அகற்றவேண்டுமென மக்கள் கோரினர். மேடுகள் சபைக்கு உரியன, ஆயினும் முழுச் செலவையும் ஏற்கச் சபையும் முன்வரவில்லை, அரசாங்கமும் முன்வரவில்லை. 1968இல், வேல்ஸ் விவகார அமைச்சராக இருந்த ஜோர்ஜ் தோமசின் காலத்தில், அச்செலவுக்கென 150,000 பவுண் நிதியத்திலிருந்து பெறப்பட்டது. பொறுப்பாளி எனக் காணப்பட்ட நிறுவனத்தின் கடனைப் பாதிக்கப்பட்டோருக்கான அறப்பணம் தீர்த்தது. ஆணைக்குழு இதனைத் தடுக்கவில்லை. 1997 முதல் திறந்துவிடப்பட்ட அரச ஆவணங்களை ஆராய்ந்த இயன் மக்ளீன், மார்ட்டின் ஜோன்ஸ் ஆகியோர், அறக்கொடைச் சட்டத்தின்படி இச்செயல் முறையற்றதென்றே முடிவுசெய்தனர்.

1997இல் வேல்ஸ் அமைச்சர் றொன் டேவிஸ் 150,000 பவுணைத் திருப்பி அளித்தார். இடைப்பட்ட காலத்துக்கான வட்டியோ விலையேற்றமோ அதிற் சேர்க்கப்படவில்லை. 2007இல் வேல்ஸ் அரசாங்கம் அபர்வான் நினைவு அறக்கொடைக்கு 1,500,000 பவுணும் கல்வி அறக்கொடைக்கு 500,000 பவுணும் வழங்கியபோதே அக்குறை ஓரளவு நிவர்த்தியாயிற்று.

பிற்கால நிதியங்கள் இவ்வனுபவத்தின் நிழலிலே தோன்றின எனலாம். 1981 டிசெம்பரில் பென்லீ உயிர்காப்புப் படகு மூழ்கியபோது சேர்ந்த பணமும், 1985இல் பிராட்போர்ட் உதைபந்தாட்ட அரங்கில் நிகழ்ந்த தீவிபத்தின்பின் சேர்ந்த பணமும் அறக்கொடையல்லாத நம்பிக்கைப் பொறுப்புக்களாக அமைக்கப்பட்டன. வரிச்சலுகையை இழந்தாயினும், தேவைக்குச் சான்று கேளாது குடும்பங்களுக்குப் பணம் வழங்கும் உரிமை இதனாற் பேணப்பட்டது.

இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டமும் அறக்கொடை பற்றிய அதே ஆங்கிலப் பாகுபாட்டையே தழுவியது. ஆதலின் அபர்வான் வரலாறு எமக்கும் புறம்பானதன்று. நினைவு நிதியம் ஒன்று நிறுவப்படும்போது, அதன் உறுதியில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் பிற்காலத்தில் விண்ணப்பதாரர் ஒருவரை நோக்கிய வினாவாக மாறும். கொடையாளரின் பரிவு அவ்வுறுதியிலேயே பதிவுபெறாவிடின், பணத்தைக் காக்கும் விதி அப்பணம் யாருக்கென வந்ததோ அவர்களையே ஐயத்துடன் நோக்கும். அபர்வான் பெற்றோர் எதிர்கொண்டது அத்தகைய ஐயத்தையேயாகும்.