திருஷ்டி பொம்மையும் ஒரு ஐரிஷ் டர்னிப்பும்

அக்டோபர் கடைசி வந்தா ஐடி ஆபீஸ்ல எல்லாம் ஹாலோவீன் அலங்காரம் தொடங்கிடுது. பிளாஸ்டிக் மண்டை ஓடு, ஆரஞ்சுப் பூசணி. ஆனா கையால செஞ்ச பேய்முக பொம்மை பார்க்கணும்னா சேலத்துலேர்ந்து நாமக்கல் போற வழியில, பாதி கட்டின வீடுகளை நிமிர்ந்து பாருங்க. பழைய பேன்ட் சட்டைக்குள்ள வைக்கோல் திணிச்சிருப்பாங்க. தலைக்கு ஒரு மண்சட்டி, அதுல சுண்ணாம்புப் புள்ளி, கரியால முறுக்கு மீசை, நீட்டின நாக்கு. திருஷ்டி பொம்மை!

இது யாரையும் பயமுறுத்தி விரட்டுறதுக்கு இல்லை. நெட்வொர்க் செக்யூரிட்டியில ஹனிபாட்னு ஒண்ணு உண்டு: தாக்க வர்றவன் நிஜ சர்வரை விட்டுட்டு அதுல போய் மாட்டணும். பொம்மையும் அதேதான். வயித்தெரிச்சல் பார்வை முதல்ல இது மேல விழட்டும், வீடு தப்பிக்கட்டும். அதனாலதான் இவ்வளவு கோரம். அழகா இருந்தா வேலைக்கு ஆகாது.

ஹாலோவீன் முகம் நேரெதிர். அயர்லாந்துல கெட்ட ஆவிகளை விரட்டுறதுக்குன்னு டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு முகம் செதுக்குனாங்க. 1845ல தொடங்குன உருளைக்கிழங்குப் பஞ்சத்துல லட்சக்கணக்கானவங்க கப்பலேறுனாங்க. அமெரிக்காவுல பெருசா, குடையச் சுலபமா பூசணி கிடைச்சது. அந்த ஊர்க் காய்தான் நமக்குப் பரங்கிக்காய். பேர்லயே வெளியூர்க்காரன்னு இருக்கு, நம்ம பக்கம் அரசாணிக்காய்னு சொல்லுவோம். திருஷ்டிக்கு நாம மாட்டுறது வேற, வெண்பூசணி. ஆயுத பூஜை அன்னிக்கு அதையே ரோட்டுல உடைச்சுட்டுப் போவாங்க, பின்னாடி வர்ற பைக்காரன் வழுக்கி விழுவான். அது தனிக் கதை.

நாமக்கல் லாரி பாடி கட்டுற ஊர். அதனால இந்த முகத்துக்கு அங்க சக்கரமும் முளைச்சிருச்சு. லாரிக்குப் பின்னாடி கோரைப்பல்லோட முறைக்கும். இப்போ கடையில அச்சடிச்ச முகமே கிடைக்குது. எல்லாத்துக்கும் ஒரே மீசை. கையால வரைஞ்சதுல மேஸ்திரிக்கு மேஸ்திரி முழி மாறும்.

இதையெல்லாம் யார் எழுதி வெச்சாங்க? 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தைக் கவனிச்ச எட்கர் தர்ஸ்டன், 1912ல தென்னிந்திய நம்பிக்கைகள் பத்தி ஒரு புத்தகம் போட்டார். கட்டுற வீட்டுல கண்ணேறுக்கு உருவம் வைக்கிற வழக்கம் அதுல வருது. செஞ்சவர் பேர் வரலை.

பொம்மையும் மிஞ்சாது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி கழட்டி எறிஞ்சிடுவோம். வைக்கோலும் துணியும் எத்தனை மழை தாங்கும்? அயர்லாந்துல 1943ல டொனகல் பக்கத்து ஃபின்டவுன்லேர்ந்து ஒரு டர்னிப் முகம் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. அப்பவே அந்த ஊர்ல அதைச் செய்றதை நிறுத்தியிருந்தாங்க. கிழங்கு கெட்டுடும்னு பிளாஸ்டர்ல அச்சு எடுத்துட்டாங்க. இன்னைக்கும் மாயோ மாவட்டத்துல கண்ணாடிக்குள்ள பல்லைக் காட்டிட்டு இருக்கு.

உங்க தெருவுல ஒரு பொம்மை தொங்குதுன்னா, இறக்குறதுக்குள்ள போட்டோ எடுங்க. முகம் வரைஞ்சது யாருன்னு மேஸ்திரிகிட்ட கேட்டு, அவர் சம்மதிச்சா பேரோட அனுப்புங்க.