கேக் விற்ற காசு

வரி குறைந்தால் யாருக்குக் கசக்கும்? 1978 ஜூனில் கலிஃபோர்னியாக்காரர்கள் ஓட்டுப் போட்டே குறைத்துக்கொண்டார்கள். 13வது பிரேரணை என்று பெயர். சொத்து வரி 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. அவ்வளவுதான், வசூல் பாதியாகிவிட்டது.

பள்ளிக்கூடங்கள் அந்தக் காசை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது அப்புறம்தான் உறைத்தது. மாநில அரசு கைகொடுத்தும் போதவில்லை. பாட்டு வாத்தியார், ஓவிய வாத்தியார், நூலகர் என்று வரிசையாக வேலை போனது. பெற்றோர் இறங்கினார்கள். கேக் சுட்டு விற்றார்கள். கார் கழுவினார்கள். அறக்கட்டளை ஆரம்பித்தார்கள்.

நல்லதுதானே என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். பணக்காரப் பேட்டையில் லட்சங்கள் சேர்ந்தன. ஏழைப் பேட்டையில் சில்லறை. சான்டா மோனிகா - மாலிபு கல்வி வாரியம் 2011ல் சொன்னது: ஆசிரியர், உதவியாளர் சம்பளத்துக்குத் திரட்டும் பணம் இனி பொது உண்டியலுக்கு. மாலிபு பெற்றோர் பலர் கொதித்துப் போனார்கள்.

தன் பிள்ளைக்கு என்றால் கேக் சுடுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு? அதற்குத்தான் ஐயா, வரி என்று பெயர்.