மாதாவுக்குச் சேலை கட்டிய ஓவியர்: யார் இந்த ஏஞ்சலா டிரிண்டேட்?

கடலூர் மாவட்டம் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்குப் போயிருக்கீங்களா? விருத்தாசலம் பக்கத்தில், முகாசாபரூரை ஒட்டிய ஊர். அங்கே மாதா நம்ம ஊர்ப் பெண் கோலத்தில், கையில் குழந்தையோடு நிற்கிறார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இப்படியொரு படம் வரைந்து அனுப்பி, மணிலாவில் சிலை செய்யச் சொன்னார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

சுமார் 200 ஆண்டுகள் கழித்து அதே காரியத்தைத் தூரிகையால் செய்தவர்தான் ஏஞ்சலா டிரிண்டேட்.

அப்பா பெயருக்குப் பின்னால்...

1909இல் மும்பையில் பிறந்தார் ஏஞ்சலா. கோவா வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அந்தோனியோ சேவியர் டிரிண்டேட் (1870-1935) மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி ஆசிரியர். 'கிழக்கின் ரெம்ப்ராண்ட்' என்று பெயர் வாங்கியவர். மகளும் அதே பள்ளியில் படித்தார். முதலில் அப்பா பாணியிலேயே எண்ணெய் வண்ணத்தில், ஐரோப்பிய முறையில் உருவப்படங்கள் வரைந்தார்.

பிறகு பாதை மாறியது. பைபிள் காட்சிகளை இந்திய ஓவிய முறைக்குக் கொண்டுவந்தார். நிழல் போட்டுக் கனம் காட்டுவது குறைந்து, கோடும் தட்டையான வண்ணமும் முன்னால் வந்தன. சிதம்பரம் சிவகாமி அம்மன் கோயில் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்த முறை சட்டென்று பிடிபடும். மாதா சேலைக்கு மாறினார்.

சேலை கட்டினா என்ன பிரச்சினை?

அன்றைக்கு அது பெரிய விஷயம்தான். கோவாவைச் சேர்ந்த இன்னொரு ஓவியர் ஆஞ்சலோ ட ஃபொன்சேகா (1902-1967) மாதாவைச் சேலையில் வரைந்ததற்காகச் சொந்த ஊரிலேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்து, புனேவுக்குப் போய்விட்டார்.

நியாயமா பார்த்தா, நம்ம வீட்டு காலண்டரில் இருக்கும் மாதா முகம் எங்கிருந்து வந்தது? மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியர்கள் தங்கள் ஊர்ப் பெண்களின் முகத்தை, உடையை, பின்னால் தெரியும் மலையை மாதாவுக்குக் கொடுத்தார்கள். ஃபுளோரன்ஸ் நகரப் பெண்ணாக மாதாவை வரைந்தால் யாரும் கேட்கவில்லை. கோவாப் பெண்ணாக வரைந்தால் மட்டும் கேள்வி வந்தது.

அந்த ஃபுளோரன்ஸிலும் மதம் சார்ந்த ஓவியம் வரைந்த ஒரு பெண் இருந்தார். கன்னியாஸ்திரி பிளாவுட்டில்லா நெல்லி (1524-1588). ஓவியப் பள்ளி கிடையாது, மடத்துக்குள் இருந்தபடியே கற்றுக்கொண்டார். சுமார் 7 மீட்டர் அகலத்தில் இயேசுவின் இறுதி இராவுணவை வரைந்து, 'இதை வரைந்தவளுக்காக ஜெபியுங்கள்' என்று லத்தீனில் கையெழுத்தும் போட்டார். அந்தப் படம் சீரமைக்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2019இல்தான்! அவருக்குக் கிடைக்காத முறையான பயிற்சி ஏஞ்சலாவுக்குக் கிடைத்தது. ஆனாலும் டிரிண்டேட் என்றால் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாதான்.

போப் கொடுத்த விருது

1955இல் போப் 12ஆம் பயஸ், திருச்சபைக்குத் தொண்டாற்றியவர்களுக்கான 'ப்ரோ எக்லேசியா எத் பொந்தீஃபிசே' விருதை ஏஞ்சலாவுக்கு வழங்கினார். எல்லா இனங்கள், நாடுகளின் கலைக்கும் கோயிலுக்குள் இடம் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆவணமாகவே சொன்னது 1963இல். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே இவருக்கு அங்கீகாரம் வந்துவிட்டது.

பின்னாளில் அமெரிக்கா போன ஏஞ்சலா, முக்கோணங்களை வைத்துப் புதுபாணி ஒன்றைத் தொடங்கி, அதற்கு 'டிரிண்டேடிசம்' என்று தன் குடும்பப் பெயரையே வைத்தார். போர்ச்சுகீசிய மொழியில் டிரிண்டேட் என்றால் திரித்துவம் என்று பொருள். 1980இல் காலமானார்.

படங்களை எங்கே பார்க்கலாம்? கோவா போறவங்க பீச்சோடு திரும்பிடாதீங்க. பணஜியில் உள்ள ஃபுண்டாசாவ் ஓரியன்ட் நிறுவனத்திடம், எஸ்தர் டிரிண்டேட் அறக்கட்டளை வழங்கிய தொகுப்பு இருக்கிறது. அப்பா, மகள் இருவரின் ஓவியங்களும் அதில் உண்டு.