ஈயம் போட்ட பாதை, பால்மரம் நீட்டிய கிளை

மேருவில் இன்று ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டியவர் மேரு சடக்கு வழியே கிள்ளான் நகருக்கு வந்தாக வேண்டும். ஆனாலும் கிள்ளானுக்கு வடக்கே உள்ள இந்த வட்டாரத்துக்கு ரயில் புதியதல்ல. கோலாலம்பூர் - கிள்ளான் பாதையிலிருந்து பிரிந்து, பால்மரத் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் வரை சென்ற கிளைப்பாதை ஒன்று இருந்தது. 1910களில் ஓடத் தொடங்கிய அது 1930களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. ஒரு தலைமுறைகூட நிலைக்காத அந்தப் பாதையின் கதையைப் புரிந்துகொள்ள, அதன் தாய்ப்பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

மலாயாவின் முதல் ரயில், 1885 ஜூன் 1 அன்று பேராக்கில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அதன் நீளம் 13 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினர் அழைத்து வரப்பட்டார்கள். சிலாங்கூரும் பின்தங்கிவிடவில்லை. ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாமின் முனைப்பால் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை சுமார் 31 கிலோமீட்டர் பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

அவசரத்துக்குக் காரணம் ஈயம். கோலாலம்பூர் அப்போது ஈய லம்பங்களைச் சுற்றி எழுந்த ஊர். தோண்டிய ஈயம் கடலுக்குப் போக, வளைந்து நெளியும் கிள்ளான் ஆற்றைத்தான் நம்ப வேண்டியிருந்தது. டாமன்சாரா படகுத்துறை வரை நிலவழி, அதற்கப்பால் படகு. நாள்கணக்கில் ஆகும் அந்தப் பயணத்தை ரயில் சில மணி நேரமாகச் சுருக்கியது. முதல் சில ஆண்டுகள் பாதை கிள்ளான் நகருக்குள் நுழையவில்லை, ஆறு குறுக்கே நின்றது. 1890இல் கன்னாட் பாலம் கட்டப்பட்ட பிறகே ரயில் ஆற்றைக் கடந்து நகரத்தை எட்டியது. 1899இல் பாதை கடல்முகம் வரை நீண்டது. அங்கே 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட துறைமுகம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம்.

இந்தக் கடைசித் துண்டுக்கு மனித உயிர்தான் விலையானது. துறைமுகம் சதுப்புநிலத்தை வெட்டி எழுப்பப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள் மலேரியா வேலையாட்களை வாரிக் கொண்டுபோக, துறைமுகத்தையே மூடும் நிலை வந்தது. கிள்ளானில் அதே ஆண்டு பொறுப்பேற்றிருந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கால்வாய் வெட்டி, சதுப்பை வடித்து, காட்டை அழித்து நோயை அடக்கினார். அவர் பெயர் மருத்துவ வரலாற்றில் நிற்கிறது. கால்வாயை வெட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை.

தாய்ப்பாதை ஊன்றியதும் கிளைகள் விரிந்தன. வடக்கே ரவாங், கோலகுபு. தெற்கே சுங்கை பீசி, காஜாங். இவை பின்னாளில் பிராய் முதல் ஜொகூர் பாரு வரை சென்ற பெரும்பாதையில் கலந்துவிட்டன. இந்த ஆய்வுக்கு முக்கியமானவை குட்டையான, ஒரே சரக்கை நம்பிப் பிறந்த கிளைகள். அம்பாங் கிளை ஈயத்துக்காகப் போடப்பட்டது. பத்துமலைக் கிளை சுண்ணாம்புக்கல்லுக்காக. குவாங்கில் பிரிந்த பத்து ஆராங் கிளை நிலக்கரிக்காக, அதில் பெரும்பங்கு ரயில் எஞ்சின்களுக்கே தீனியானது. கோலசிலாங்கூர் கிளைக்கோ பால்மரம்தான் ஆதாரம். காப்பார், மேரு வட்டாரத்தில் ஜாவாக்காரர் கம்பங்களுக்கு அருகே தோட்டங்களும், அவற்றுக்குள் தமிழர் லயங்களும் பெருகியிருந்த காலம் அது.

பாதைகளைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழர் பங்கு இரண்டு வகைப்பட்டது, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் மண் வெட்டினார்கள், சல்லி பரப்பினார்கள், கட்டை சுமந்தார்கள். பத்துமலை முருகன் கோயிலுக்கு வித்திட்ட காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளைக்கு ரயில் வேலைக்கு ஆள்திரட்டியதில் பங்குண்டு என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்று வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தார்கள். 1901இல் உருவான கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் முதல் பொது மேலாளர் சி. இ. ஸ்பூனர், முன்பு இலங்கையில் பொறியாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்து இளைஞர்களின் திறமை அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

இருசாராரும் சந்தித்த இடம் பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரை மீண்டும் எழுப்பச் செங்கல் சுட்ட காளவாய்களால் பெயர்பெற்ற பகுதி, ரயில் வந்ததும் ரயில்வேக் குடியிருப்பாக மாறியது. 1904இல் விவேகானந்தா ஆசிரமம், அதே காலகட்டத்தில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில், பின்னர் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பெயர்பெற்ற வரிசை வீடுகள். சம்பளப் பதிவேட்டை நம்பி எழுந்த ஊர் அது. பட்டறைகள் செந்தூலுக்கு மாறியபோது அங்கும் அப்படியே ஒரு தமிழ்க் குடியிருப்பு திரண்டது.

பிறகு 1930களின் பெருமந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே நேரத்தில் லாரியும் பேருந்தும் சடக்கில் மலிவாக ஓடத் தொடங்கின. கோலசிலாங்கூர் கிளை இரண்டு அடியையும் ஒருசேர வாங்கியது. அதை நம்பிய கம்பத்து மக்களின் பயணத் தேவை கணக்கில் பெரிதாக எடுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. சரக்கு போனதும் பாதையும் போனது.

போர்க்காலத்தில் தண்டவாளமே சரக்கானது. ஜப்பானிய ராணுவம் கிழக்குக்கரைப் பாதையிலும் தம்பின் - மலாக்கா கிளையிலும் தண்டவாளங்களைப் பெயர்த்து, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா பாதைக்குக் கொண்டுபோனது. தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் கொண்டுபோனது. சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது அதைத்தான், போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1945 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையைக் குண்டுவீசித் தகர்த்தன.

போருக்குப் பின் கிளைகளின் தலையெழுத்து ஒன்றுபோல் இருக்கவில்லை. பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட, அந்தக் கிளை தன் பிழைப்பை இழந்தது. அம்பாங் கிளையின் தடத்தில் 1996 டிசம்பரில் எல்ஆர்டி ஓடத் தொடங்கியது. பத்துமலைக்கு 2010இல் மின்ரயில் வந்தது. கல் ஏற்றப் போட்ட பாதை இன்று தைப்பூசத்தன்று காவடியையும் பால்குடத்தையும் கூட்டங்கூட்டமாகச் சுமக்கிறது. சுபாங் கிளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விமான நிலையத்துக்கு 2018இல் தொடங்கிய பயணிகள் சேவை, ஆளில்லாமல் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. மக்கள் அடர்ந்து வாழும் இடத்தைத் தொட்ட கிளைதான் பிழைத்தது.

அப்படிப் பார்த்தால், இன்று வீடுகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த மேரு, காப்பார் வட்டாரத்தின் கிளை ஐம்பது ஆண்டுகள் முந்திப் பிறந்து முந்தி மடிந்தது என்றே சொல்ல வேண்டும். புதிய தடமும் மேருவை எட்டவில்லை. பண்டார் உத்தாமாவையும் ஜொகான் செத்தியாவையும் இணைக்கும் ஷா ஆலம் எல்ஆர்டி தடம் சுமார் 38 கிலோமீட்டர். அதில் ஜாலான் மேரு என்று ஒரு நிலையம் உண்டு. பெயரில்தான் மேரு. நிலையம் இருப்பது கிள்ளான் நகரில்.

கோலாலம்பூர் சென்ட்ரல் 2001இல் எழுந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே முற்றத்தின் மேல். நூறு குவார்ட்டர்ஸ் 2014இல் இடிபட்டது. கட்டடங்கள் போய்விட்டன, தாள்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. மேருவிலோ காப்பாரிலோ செந்தூலிலோ, தாத்தாவின் ரயில்வே பணிச்சான்று, சம்பளச் சீட்டு, தொப்பியோடு எடுத்த ஒரு புகைப்படம் உங்கள் பெட்டியில் கிடந்தால், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், வேலை பார்த்த நிலையம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள்.