பாலேவாடிக் குளமும் பத்தாம் வகுப்பும்

ஹிஞ்சவடிக்கு ஆபீஸ் போகும் புனே தமிழர்களுக்குப் பாலேவாடி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது டிராஃபிக் தான். பைபாஸில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டு வளாகம் தெரியுமே, ஸ்ரீ சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம், அதைப் பார்த்தும் பார்க்காமலும் தாண்டிப் போய்விடுகிறோம். 1994-ல் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அங்கே ஒரு சர்வதேசத் தரமான நீச்சல் குளம் இருக்கிறது. 2008 அக்டோபரில் அந்தக் குளத்தில் பல நாட்டுச் சின்னப் பெண்கள் நீந்தினார்கள். அதைச் சாக்காக வைத்து ஒரு பழைய கதையைச் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு. பெண் குழந்தையை நீச்சல் கிளாஸில் சேர்த்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போட்டியைப் பற்றி. ஃப்ரீஸ்டைலில் 50, 100 மீட்டர் எல்லாம் ஸ்பிரிண்ட். 800, 1500 நெடுந்தூரம். நடுவில் இருக்கும் 200-ம் 400-ம் தான் மத்தியதூரம். 50 மீட்டர் குளத்தில் 200 என்றால் நாலு நீளம், 400 என்றால் எட்டு நீளம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நீந்துகிறவர்களைக் கேட்டால் இதுதான் படுத்தி எடுக்கும் போட்டி என்பார்கள். ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் போனால் கடைசி நீளத்தில் கை தூக்க முடியாது. சேமித்து வைத்துக்கொண்டே போனால் மற்றவர்கள் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். உடம்பு வலு ஒரு பங்கு, எந்த நீளத்தை எந்த வேகத்தில் போகணும் என்ற கணக்கு இன்னொரு பங்கு. அந்தக் கணக்கு ஒரு கோடை கேம்ப்பில் வராது. தினமும் விடியற்காலையில், வருடக்கணக்காக நீந்தினால்தான் வரும்.

இப்போது கதை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் வந்ததே 1912-ல், ஸ்டாக்ஹோமில். அதுவும் 100 மீட்டரும் ஒரு ரிலேயும் மட்டும். அந்த 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக். அவர் ஊரை விட்டுக் கிளம்பியதே பெரிய பாடு. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்தக் கூடாது என்று சிட்னியில் இருந்த பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்தது. பெண்ணுரிமைக்காகப் போராடிய ரோஸ் ஸ்காட் என்ற அம்மையார்தான் அந்தச் சங்கத்தின் தலைவி. விதியைத் தளர்த்தியதும் அவர் பதவியை விட்டே விலகிவிட்டார். "நாலு பேர் பார்க்கிற இடத்தில் பொண்ணு நீச்சல் உடையில் நிற்பதா?" என்கிற பேச்சு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஒலிம்பிக் 1920-ல், ஆண்ட்வெர்ப்பில். அங்கேதான் பெண்களுக்கு முதல் முறையாக 300 மீட்டர் ஃப்ரீஸ்டைல் வைத்தார்கள். அமெரிக்காவின் எதெல்டா பிளைப்ட்ரே ஜெயித்தார். மத்தியதூரத்தில் பெண்களின் கணக்கு இங்கே தொடங்குகிறது.

இங்கே புனே உள்ளே வருகிறது! அதே ஆண்ட்வெர்ப்புக்குத்தான் இந்தியாவிலிருந்து முதல் முறையாக ஒரு அணி போனது. அந்த அணிக்கு வித்திட்டது நம்ம டெக்கான் ஜிம்கானா. அங்கே நடந்த ஓட்டப் பந்தயத்தில் கிராமத்து ஆட்கள் வெறும் காலோடு ஓடியதைப் பார்த்த தோராப்ஜி டாடா, இவர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பினால் என்ன என்று முயற்சி எடுத்தார். ஓட்டக்காரர்கள், மல்யுத்த வீரர்கள் போனார்கள். எல்லோரும் ஆண்கள். நீச்சலுக்கு ஒருவரும் இல்லை. ஆக, பெண்களின் மத்தியதூர நீச்சலும் இந்தியாவின் ஒலிம்பிக் பயணமும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில் தொடங்கியவை. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்ள ரொம்ப காலம் ஆயிற்று.

1924-ல் பாரிஸில் 300 மீட்டர் 400 ஆனது. ஜெயித்த மார்த்தா நோரேலியஸுக்கு அப்போது வயது 15. நேரம் 6 நிமிடம் 2.2 விநாடி. 200-ம் 800-ம் பெண்களுக்கு வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்ஸிகோவில் 200, 400, 800 மூன்றிலும் தங்கம் அள்ளிய டெபி மேயருக்கு வயது 16. ஆண்களுக்கு 1908-லிருந்தே இருந்த 1500 மீட்டர் பெண்களுக்கு வந்தது 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான். நூறு வருடத்துக்கு மேல்! பெண்கள் அவ்வளவு தூரம் தாங்க மாட்டார்கள் என்ற நினைப்பு அவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

நம்ம பக்கம் பார்த்தால், 1952 ஹெல்சிங்கிக்கு டாலி நசீர், ஆரத்தி சாஹா என்று இரண்டு நீச்சல் வீராங்கனைகள் போனார்கள். ஆரத்திக்கு அப்போது 11 வயது. ஆமாம், பதினொன்று! அந்தக் கல்கத்தாப் பெண்தான் 1959-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2000-ல் சிட்னியில் பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நிஷா மில்லெட் நீந்தினார். இவர் கதையில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்த குழந்தை. பயம் போக வேண்டும் என்று அப்பா 1991-ல் ஷெனாய் நகர் குளத்தில் சேர்த்துவிட்டார். பிறகு பெங்களூரில் பிரதீப் குமாரிடம் பயிற்சி. 1999 தேசிய விளையாட்டுப் போட்டியில் மட்டும் 14 தங்கம். சிட்னியில் தன்னுடைய ஹீட்டில் முதலாவதாக வந்தார். ஆனால் அரையிறுதிக்குப் போக முடியவில்லை.

அதெப்படி, முதலில் வந்தும் போக முடியவில்லை என்று கேட்பீர்கள். ஹீட்ஸ் பிரிக்கும்போது முந்தைய நேரங்களைப் பார்த்து, வேகமானவர்களைக் கடைசி ஹீட்களில் போடுவார்கள். மெதுவான நேரம் கொண்டவர்கள் முதல் ஹீட்களில். எல்லா ஹீட்டையும் சேர்த்து முதல் 16 நேரங்களுக்குத்தான் அரையிறுதி. அதனால் ஹீட்டில் ஜெயித்தாலும் மொத்தப் பட்டியலில் கீழே இருக்கலாம். சிட்னியில் ஒரு காலத்தில் பெண்கள் ஆண்கள் முன்னால் நீந்தவே கூடாது என்றிருந்தது. அதே ஊரில் ஷெனாய் நகரில் நீந்தக் கற்ற பெண் ஒரு ஹீட்டை ஜெயித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2002-ல் நிஷாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. 2004 ஏதென்ஸ் தகுதி மயிரிழையில் தப்பியது. செலவு குடும்பத்துக்குத் தாங்கவில்லை என்று போட்டியிலிருந்து விலகினார். நாட்டின் சிறந்த வீராங்கனைக்கே அந்த நிலை.

இனி 2008-க்கு வருவோம். ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். பெண்கள் 400 மீட்டரில் அமெரிக்காவின் கேட்டி ஹாஃப் கடைசிவரை முன்னால் போய்க்கொண்டிருந்தார். 19 வயது ரெபெக்கா அட்லிங்டன் கடைசி சில மீட்டரில் பிடித்துவிட்டார். 4 நிமிடம் 3.22 விநாடிக்கும் 4 நிமிடம் 3.29 விநாடிக்கும் உள்ள வித்தியாசம். எட்டு நீளம் நீந்திவிட்டு 0.07 விநாடி! மேலே சொன்ன அந்தக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதே பெய்ஜிங்குக்கு இந்தியா நாலு நீச்சல் வீரர்களை அனுப்பியது. நாலு பேரும் ஆண்கள்.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 12 முதல் 18 வரை, புனேயில் காமன்வெல்த் இளையோர் விளையாட்டுப் போட்டி. 71 நாடுகள், ஒன்பது விளையாட்டுகள், எல்லோரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு ஒத்திகை என்றே இதைச் சொன்னார்கள். ஊருக்கே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. பாலேவாடி பக்கம் சாலைகள் பளிச்சென்று ஆயின. பதக்கப் பட்டியலில் இந்தியா 33 தங்கத்தோடு முதலிடம். ஆனால் அந்தப் பெருமையில் பெரும் பங்கு குஸ்தி, துப்பாக்கிச் சுடுதல், பளு தூக்குதல் மாதிரியான விளையாட்டுகளுக்கு.  இரண்டு வருடம் கழித்து டெல்லியில் 400 மீட்டர் தங்கத்தை 4 நிமிடம் 5.68 விநாடியில் அதே அட்லிங்டன் எடுத்துப் போனார்.

அடுத்து 2016 ரியோ. 200 மீட்டரில் ஷிவானி கட்டாரியா, 41-வது இடம். 2024 பாரிஸில் தினிதி தேசிங்கு. பெயரைக் கேட்டதும் செஞ்சிக் கோட்டை ஞாபகம் வருகிறதல்லவா? பெங்களூர்ப் பெண், அப்போது வயது 14. இந்திய அணியிலேயே இளையவர். ஒலிம்பிக் போன இந்தியர்களில் ஆரத்தி சாஹாவுக்கு அடுத்த இளையவர். தகுதி நேரம் எட்டியவர்கள் இல்லாத நாடுகளுக்குக் கொடுக்கும் சிறப்பு இடத்தில் போனார். 2 நிமிடம் 6.96 விநாடியில் தன் ஹீட்டில் முதலிடம், மொத்தத்தில் 23-வது. நிஷாவின் கதையேதான், 24 வருடம் கழித்து. தங்கம் வென்ற மோலி ஓகலஹனின் நேரம் 1 நிமிடம் 53.27 விநாடி. கிட்டத்தட்ட பதினான்கு விநாடி வித்தியாசம். ஓகலஹன் சுவரைத் தொடும் நேரத்தில் நம்ம பெண்ணுக்கு இன்னும் இருபது மீட்டருக்கு மேல் பாக்கி இருந்திருக்கும்.

அந்த இருபது மீட்டரை எப்படிக் கடப்பது? குளம் கட்டினால் போதும் என்றால் 1994-லேயே முடிந்திருக்கும். மேலே வந்த வயதுகளைத் திரும்பப் பாருங்கள். 15, 16, 19, 14. மத்தியதூர நீச்சலில் ஒரு பெண் உருவாகிற வயது இதுதான். நம் வீடுகளில் ஒரு பெண் நீச்சலை நிறுத்துகிற வயதும் இதேதான். "பத்தாவது வரப் போகுது", "கறுத்துப் போயிட்டா", "குளோரின்ல முடி கொட்டுது", "பெரிய பொண்ணாயிட்டா, இனி எதுக்கு?" எல்லாம் கேட்ட வசனங்கள். சொந்தக்காரர்களிடமிருந்து தூரமாக இருக்கிறோம், சரி. ஆனால் வசனங்கள் நம்மோடு ரயிலேறி வந்துவிட்டன.

எங்கள் அபார்ட்மெண்டில் ஏழு வயதில் நீச்சல் கிளாஸுக்குப் போகிற பெண் குழந்தைகளை எண்ணினால் கை விரல் போதாது. பதினாலு வயதில் எண்ண ஒரு கை கூட அதிகம். பையன்களும் நிறுத்துகிறார்கள்தான், ஆனால் அவர்கள் டியூஷனுக்காக நிறுத்துகிறார்கள். பெண்களுக்கு டியூஷனோடு இன்னும் நாலு காரணம் சேர்ந்துகொள்கிறது. தங்கமணியிடம் இதைச் சொன்னபோது, "விடியற்காலை அஞ்சு மணிக்கு யாரு கூட்டிட்டுப் போறது, அதையும் எழுதுங்க" என்றாள். நியாயமான கேள்வி. வெளியூரில் தாத்தா பாட்டி துணை இல்லாத வீட்டில் அந்த அஞ்சு மணி டியூட்டிதான் பெரிய தடை. நிஷாவின் வீட்டிலும் தினிதியின் வீட்டிலும் யாரோ ஒருவர் அந்த டியூட்டியைப் பார்த்திருக்கிறார், வருடக்கணக்காக.

எல்லாப் பெண்ணும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. போக வேண்டியதும் இல்லை. ஆனால் ஆயிரம் பேர் பதினாறு வயது வரை நீந்தினால்தான் அதில் ஒருத்தி பதினாலு விநாடியைக் குறைப்பாள். மீதி 999 பேருக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை. எந்த நீளத்தை எந்த வேகத்தில் போகணும் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். அது பத்தாவது பரீட்சைக்கும் உதவும்.

அடுத்த வருஷம் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை. கட்டிவிடுங்கள். பக்கத்து ஃபிளாட்டில் அதே வயசுப் பெண் இருந்தால் அவர்களிடமும் பேசி, காலை டியூட்டியை வாரம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.