பண்டத்தரிப்பும் பெண்ணோய்ச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மாதவிடாய்க் கோளாறுகளுக்கு அக்காலத்தில் மருந்து இருந்ததா என்பதினும், அம்மருந்து பெண்ணைச் சென்றடைந்ததா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

பெரும்பாடு, சூதகக்கட்டு என இந்நோய்களை வகுத்துப் பெயரிட்ட சித்த வைத்தியம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1820இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மேனாட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். அம்மிஷனின் சாமுவேல் கிறீன், 1857இல் மகப்பேற்று வைத்திய நூலொன்றைத் தமிழாக்கி வெளியிட்டார். எனினும், இரு மரபுகளிலும் வைத்தியர் பெரும்பாலும் ஆடவரே. தன் உதிரப்போக்கை ஆடவரிடம் கூறுதல் இழுக்கெனக் கற்பிக்கப்பட்ட பெண்ணுக்கு நூலறிவு பயன்படவில்லை.

இத்தடையை ஓரளவு தகர்த்தவர்கள் பெண் வைத்தியர்களே. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. ஸ்கடரின் பேத்தியான ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

இன்று வலிக்கு அழற்சி தணிக்கும் மாத்திரைகளும், மிகுபோக்குக்கு ட்ரனெக்சாமிக் அமிலமும் ஓமோன் சிகிச்சையும், குருதிச்சோகைக்கு இரும்புச்சத்தும் உள்ளன. ஆயினும், பொறுத்துக்கொள்வதே பெண்மை என்னும் கருத்து முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதனைக் களைவதும் வைத்தியத்தின் கடமையே என்பது எமது துணிபு.