இறப்பர் பால் ஒவ்வாமையும் மருத்துவச் சாதன மீளப்பெறலும்: ஊவா மாகாணம்

இறப்பர் மரப் பாலிலுள்ள புரதங்களை உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாகக் கொள்வதால் உண்டாகும் நோய்நிலை இறப்பர் பால் ஒவ்வாமை. அறுவைக் கையுறை, சிறுநீர் வடிகுழாய், குருதி எடுக்கும்போது கையில் கட்டும் பட்டி ஆகியவற்றின் வழியே அது நோயாளியை வந்தடைகிறது. ஊவாவின் இரு மாவட்டங்களும் இதில் சம்பந்தப்பட்டவை. மொனராகலையில் இறப்பர் விளைகிறது. பதுளையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மாரின் உடலில் இறப்பர் பாலால் செய்த சாதனங்கள் படுகின்றன.

இலங்கையில் இறப்பர்க் கன்றுகள் முதன்முதலாக 1876இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. விடியற்காலையில் பட்டையைச் சீவிச் சிரட்டையில் சேர்க்கும் பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையிட்டு ஷீட் ஆக்குகையில் புரதத்தின் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போகிறது. அதனால் ஷீட் இறப்பரில் செய்த பொருள்கள் இத்தகைய ஒவ்வாமையை அரிதாகவே தூண்டும். கையுறையும் பலூனும் செய்யும் முறை வேறு. அமோனியா கலந்து கெடாமல் வைத்த பாலில் அச்சைத் தோய்த்து எடுத்துக் காயவைக்கிறார்கள். அதைச் சரிவரக் கழுவாவிட்டால் புரதம் பொருளிலேயே தங்கிவிடும். எளிதாக அணிவதற்காகக் கையுறைக்குள் தூவிய சோளமாவு அந்தப் புரதத்தை உறிஞ்சி, கையுறையைக் கழற்றும்போது காற்றில் பறந்து, அறையிலுள்ள எல்லோருடைய மூச்சிலும் கலந்தது.

1980களின் பிற்பகுதியில், எச்.ஐ.வி. அச்சத்தால் கையுறைப் பாவனை பெருகியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. பெருங்குடலுக்குள் பேரியம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் குழாயின் நுனியில் இருந்த இறப்பர் பலூன் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்தது. அக்குழாய் 1990இல் மீளப்பெறப்பட்டது. 1991 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 1988 முதல் 1992 வரை அந்நிர்வாகத்துக்குக் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகளில் 15 மரணங்கள் இருந்தன. பிறவியிலேயே முதுகுத்தண்டு பிளவுபட்டு, பலமுறை சத்திரசிகிச்சைக்கும் வடிகுழாய்க்கும் உள்ளான பிள்ளைகளே மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். இறப்பர் பால் அடங்கிய சாதனங்களின் உறையில் எச்சரிக்கை அச்சிடுவது 1998 செப்டெம்பரில் கட்டாயமானது. மாவு தூவிய கையுறைகள் 2017 ஜனவரியில் அந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டன. முதல் மரணங்களுக்கும் இந்தத் தடைக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. இதைத் தாமதம் என்றே சொல்ல வேண்டும்.

இலங்கையில் மருத்துவச் சாதனங்களைப் பதிவுசெய்யும் அதிகாரமும் நிறுத்தும் அதிகாரமும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் உள்ளன. ஒரு தொகுதியை நிறுத்தும் முடிவு மருத்துவ வழங்கல் பிரிவின் சுற்றறிக்கையாக அரச ஆஸ்பத்திரிகளின் களஞ்சியங்களுக்குப் போகிறது. அதில் தொகுதி இலக்கம் இருக்கும். அந்தத் தொகுதி யாருக்குப் பாவிக்கப்பட்டது என்பது இருக்காது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரிகள் பல கம்பனி நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. சுற்றறிக்கை அவற்றின் அலுமாரி வரை போய்ச் சேராவிட்டால் மீளப்பெறல் பாதியில் நின்றுவிடும்.

மீளப்பெறலால் நீக்கமுடியாத ஆபத்தும் உண்டு. குறையற்ற கையுறையும் ஒவ்வாமை உள்ளவருக்கு விஷம்தான். அதனால் ஆளை அடையாளம் காண்பது பொருளை அடையாளம் காண்பதைப் போலவே அவசியம். வாட்டில் சேர்க்கும்போது மிஸ்ஸி கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை: பலூன் ஊதினால் உதடு தடிக்குமா? கையுறை போட்டால் கை அரித்துத் தடிக்குமா? வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா சாப்பிட்டால் வாய் அரிக்குமா? இப்பழங்களின் புரதங்கள் இறப்பர் பாலின் புரதங்களை ஒத்திருப்பதால், ஒன்றுக்கு ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகலாம். பண்டார‌வளை, வெலிமடைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ஆனைக்கொய்யா தாராளமாகக் காய்க்கிறது; கேள்வி யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அதைத் தமிழில் கேட்க வேண்டும். சிங்களத்தில் கேட்டதற்குப் புரியாமல் தலையசைத்த தாயின் கொப்பியில் 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதப்படுவது, கேட்காமல் விடுவதைவிட மோசம்.

கையுறை பட்ட இடத்தில் ஓரிரு நாள் கழித்து வரும் சொறி பெரும்பாலும் தயாரிப்பில் சேர்த்த இரசாயனங்களால் வருவது, உயிருக்கு ஆபத்தில்லை. சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பும் இழுப்பும் வந்து இரத்த அழுத்தம் விழுவதுதான் அனபிலாக்சிஸ். சிசேரியனின்போது சத்திரசிகிச்சை தொடங்கி அரை மணிக்குப் பிறகும் அது வரலாம். மயக்க மருந்தின் விளைவென்று தவறாக எண்ணப்படவும் கூடும். வளர்ந்தோருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் உடனே ஏற்ற வேண்டும். இறப்பர் பாலால் செய்த பொருள் அனைத்தையும் அகற்ற வேண்டும்.

நைட்ரைல் கையுறைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. பிரசவ வலியைத் தூண்டவும் பயன்படும் ஃபோலி வடிகுழாய்களில் பல இன்னமும் சிலிக்கோன் பூசிய இறப்பரே. ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பூச்சுப் போதாது. முழுவதும் சிலிக்கோனால் செய்த குழாய்தான் வேண்டும்.